கொட்டகைக்கு இழுக்கும் லைன்

பால் மாடு வைத்திருக்கும் வீடுகளில் கொட்டகைக்குக் கரண்ட் கொண்டுபோவதை யாரும் பெரிய வேலையாக நினைப்பதில்லை. வீட்டு போர்டிலிருந்து இரண்டு வயர், நடுவில் தென்னை மரத்தில் ஒரு கட்டு, தகரக் கூரையின் விளிம்பு வழியாக உள்ளே. முதலில் ஒரு பல்பு, அப்புறம் மின்விசிறி, அதன்பின் தீவனம் வெட்டும் மெஷினும் தண்ணீர் மோட்டாரும். கொஞ்சம் கவனமுள்ளவர்கள் வெளியே குழி தோண்டி, ஜிஐ பைப்பை இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, "எர்த் போட்டாச்சு" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கசியும் மின்சாரத்தை மண் உறிஞ்சிக்கொள்ளும் என்பது பரவலான நம்பிக்கை. மண் எதையும் உறிஞ்சுவதில்லை. மின்சாரம் புறப்பட்ட டிரான்ஸ்பார்மருக்கே திரும்பியாக வேண்டும். அங்கே நியூட்ரல் மண்ணோடு இணைக்கப்பட்டிருப்பதால், கொட்டகையில் கசிவதற்கு மண் ஒரு திரும்பும் வழியாகிறது. செம்புக் கம்பியோடு ஒப்பிட்டால் மிக மோசமான வழி.

எவ்வளவு மோசம் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 2.5 மீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள பைப்பை ஓரளவு ஈரமான மண்ணில் இறக்கினால் கிடைக்கும் தடை ஏறக்குறைய 33 ஓம். டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாருக்குள் இன்சுலேஷன் போய், பேஸ் இரும்பு உடம்பில் ஏறுகிறது. 230 வோல்ட்டை 35 ஓமால் வகுத்தால் 6.6 ஆம்பியர். லைனில் இருப்பதோ 16 ஆம்பியர் எம்சிபி. அதற்கு இது சாதாரணச் சுமை, ட்ரிப் ஆகாது. சி ரக எம்சிபி சட்டென்று ட்ரிப் ஆக 80 முதல் 160 ஆம்பியர் வரை ஓட வேண்டும். ஆகவே மோட்டாரும், அதை போல்ட் போட்டிருக்கும் தூணும், தகரக் கூரையும், கூரையிலிருந்து மரத்துக்குக் கட்டிய துணி காயும் கம்பியும் 217 வோல்ட்டில் அப்படியே நிற்கும். எர்த் போட்ட கொட்டகையில்தான் இது நடக்கிறது.

160 ஆம்பியர் ஓட மொத்தத் தடை 1.4 ஓமுக்கு இறங்க வேண்டும். கரியும் உப்பும் தடையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் வீட்டுக் குழி ஒன்றில் அந்த அளவுக்கு வராது.

எம்சிபியின் வேலை வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் பார்ப்பது. மனித உடம்பின் அளவுகோல் வேறு. அமெரிக்காவில் பெர்க்லி பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல், தாமாக முன்வந்தவர்களைச் சோதித்து, பிடித்த கம்பியை விட முடியாமல் கை இறுகும் அளவைக் கண்டறிந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5. எம்சிபியில் எழுதியிருக்கும் 16 ஆம்பியரில் ஆண்களின் அளவே ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

இந்த இடைவெளியை அடைப்பதுதான் ஆர்சிசிபி. பேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரு காந்த வளையத்தின் நடுவே போகின்றன. போனது முழுவதும் திரும்பினால் வளையத்தில் காந்தப்புலம் எழாது. 30 மில்லியாம்பியர் வேறு வழியாகப் போனாலே புலம் எழுந்து, அதிகபட்சம் 0.3 விநாடியில் லைனைத் துண்டிக்கும். கசிவு பெரிதாக இருந்தால் 0.04 விநாடி போதும். எம்சிபியை அசைக்காத அந்த 6.6 ஆம்பியர், இந்த 30 மில்லியாம்பியரைப் போல 220 மடங்கு. குழி 200 ஓம் காட்டினாலும் கவலையில்லை. அதே சமயம் குழியை விட்டுவிடக் கூடாது. எர்த் இருந்தால் கசிவு தொடங்கியதுமே லைன் போகும். இல்லாவிட்டால் முதலில் தொடும் கையோ மாட்டின் மூக்கோதான் மின்சாரத்துக்கு வழி.

மாட்டுக்கு ஆபத்து நம்மைவிட அதிகம். எர்த் பைப்பைச் சுற்றிய ஒன்றிரண்டு மீட்டருக்குள்தான் வோல்டேஜின் பெரும்பகுதி சரிகிறது. மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி, நடுவில் இதயம், ஈரத்தில் நிற்கும் குளம்புகள். அதனால் பைப்பை மாடு கட்டும் இடத்திலிருந்து தள்ளிப் புதைக்க வேண்டும். தூண், தொட்டி, தண்ணீர்க் குழாய் எல்லா இரும்பையும் எர்த் வயரால் ஒன்றாக இணைக்க வேண்டும். பிரிட்டனின் வயரிங் விதிகளில் பண்ணைக் கட்டடங்களுக்கென்றே 705 என்ற தனிப் பிரிவு இருக்கிறது. சில வோல்ட் கசிந்தாலே மாடு உணர்ந்துவிடும். தொட்டியில் வாய் வைத்ததும் தலையை இழுத்துக்கொள்ளும் மாட்டுக்கு, டாக்டரோடு வயர்மேனையும் கூப்பிட வேண்டும்.

நான் அதிகம் அஞ்சுவது போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடும் பழக்கத்துக்கு. கம்பத்தில் நியூட்ரல் அறுந்த நாளில், வீட்டு விளக்குகள் வழியாக வரும் மின்சாரம் அந்த முறுக்கில் எர்த் வயருக்குத் தாவி, கொட்டகைத் தூண்வரை போகும். எந்தக் கருவியும் பழுதாகியிருக்காது. ஆர்சிசிபியும் காக்காது, அது எர்த் வயரைத் துண்டிப்பதில்லை. பிரிட்டனில் பல வீடுகளுக்கு மின் நிறுவனமே இரண்டையும் இணைத்துத்தான் தருகிறது. அதனால் அங்கே தோட்டக் கொட்டகைக்கு லைன் இழுக்கும்போது, வீட்டு எர்த்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு, கொட்டகைக்குத் தனி எர்த் கம்பியும் ஆர்சிசிபியும் போடுவது வழக்கம்.

ஆர்சிசிபியை வீட்டு போர்டில், லைன் புறப்படும் இடத்திலேயே பொருத்தச் சொல்லுங்கள். வழியில் வயர் தேய்ந்தாலும் அது பார்த்துக்கொள்ளும். வயரைத் தகரத்தில் உரச விடாமல் ஆர்மர்டு கேபிளாக மண்ணுக்கடியில் கொண்டுபோகலாம். ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். அது ஆர்சிசிபியை மட்டுமே சோதிக்கும். குழியின் தடையைச் சொல்லாது. அதற்கு எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் வயர்மேன் வேண்டும். கோடையில் அளக்கச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் மோசமான குழியும் நல்ல எண்ணைக் காட்டும்.