விடை கூற வேண்டியவர் யார்?

காலையில் வெளியே சென்ற மகன் விளக்கேற்றும் வேளையிலும் வீடு திரும்பவில்லையெனில், தாயின் நெஞ்சம் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ? அவ்வேளை மாதங்களாகி, வருடங்களாகி நீளுமாயின் அவனைத் தேடும் கடமை யாருடையது? பெற்றோருடையதா, அரசினுடையதா? இவ்வினாவிற்கு மத்திய அமெரிக்காவில் எழுந்த ஒரு வழக்கு தெளிவான விடையைத் தந்தது.

ஹொண்டுராஸ் நாட்டின் தலைநகர் தெகுசிகல்பா. 1981ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆம் திகதி, மன்பிரெடோ வெலாஸ்குவெஸ் என்னும் பல்கலைக்கழக மாணவரை, சாதாரண உடையணிந்த ஆயுதபாணிகள் இலக்கத் தகடற்ற வாகனமொன்றில் கடத்திச் சென்றனர். பொலிசாரும் படையினரும், தாம் அவரைப் பிடிக்கவில்லை என மறுத்தனர். ஆட்கொணர்வு மனுக்களும் பயன் தரவில்லை. 1981 முதல் 1984 வரை அந்நாட்டில் 100 முதல் 150 பேர் வரை மறைந்து போயினர்.

வழக்கை விசாரித்த அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம், 1988ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் திகதி ஹொண்டுராஸ் அரசே பொறுப்பாளி எனத் தீர்ப்பளித்தது. அரசின் உதவியின்றிப் பெற முடியாத சான்றுகளை உறவினர் கொண்டுவரவில்லையென அரசு குறை கூறலாகாது. புலனாய்வு அரசின் சொந்தக் கடமை. அதனை உறவினரின் முயற்சிக்கு விட்டுவிடுதல் தகாது. மறைந்தவரின் கதி தெரியும்வரை அக்கடமை தீராது. ஆட்சி மாறினும் பொறுப்பு மாறாது. இவையே அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு பிறநாட்டுச் செய்திதானே என நாம் வாளாவிருக்கலாமா? வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான சர்வதேச சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அச்செயலைக் குற்றமாக்கியது. உண்மையை அறியும் உரிமை உறவினர்க்கு உண்டு என்றும் கூறியது. ஆயினும், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்து போராடத் தொடங்கிய பெற்றோருள் பலர், விடை காணாமலே கண்மூடிவிட்டனர்.

பிள்ளையின் படத்தை ஏந்தி நிற்கும் தாய் எவரிடமும் தயவு வேண்டி நிற்கவில்லை. 'என் பிள்ளை எங்கே?' என்பதே அவள் வினா. 'தெரியாது' என்று கூறுவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. தேடிக் கண்டறிந்து அவளுக்கு உரைப்பதே அதன் கடமை. எஞ்சியிருக்கும் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே அவ்விடை வருதல் வேண்டும்.