உஷார்! பைலா வரைவு வந்திருக்கிறதா?

'பைலா வரைவை இணைத்துள்ளோம். கருத்து இருந்தால் பதினைந்து நாளில் தெரிவிக்கவும்.' அமைப்பின் விதித் தொகுப்பான பைலா பற்றி இப்படி ஒரு மெயில் வந்தால் பாதிப் பேர் திறப்பதே இல்லை. திறப்பவர்களும் நோக்கம், குறிக்கோள் என்று முதல் இரண்டு பக்கத்தைப் பார்த்துவிட்டு, 'நல்லாத்தானே இருக்கு' என்று மூடிவிடுகிறார்கள். வம்பு அங்கே இருக்காது. கடைசிப் பக்கங்களில், 'திருத்தம்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.

இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பையே பாருங்கள். அரசுகள், நிறுவனங்கள், தொழில்நுட்பக்காரர்கள், சாதாரணப் பயனாளிகள் எனப் பல தரப்பும் சேர்ந்து நடத்தும் அமைப்பு என்று பெயர். 2000-ல் உலகெங்கும் உள்ள பயனாளிகள் ஆன்லைனில் ஓட்டுப் போட்டு ஐந்து இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2002-ல் பைலாவைத் திருத்தினார்கள். அந்த நேரடித் தேர்தல் போயே போய்விட்டது. எட்டு இடங்களை நிரப்பும் அதிகாரம் ஒரு நியமனக் குழுவுக்குப் போனது. பயனாளிகள் தரப்புக்கு ஓட்டுரிமையோடு ஒரே ஓர் இடம் கிடைக்க 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2016-ல் அமெரிக்க அரசு தன் மேற்பார்வையைக் கைவிடுவதற்கு முன் புதிய பைலா வரைவு வந்தது. தடிமனான, வக்கீல் மொழியில் எழுதிய ஆவணம். கருத்துச் சொல்ல ஒரு மாதம். நிறைய நல்லது செய்த பைலாதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் விதிகள் இரண்டு வகை. அடிப்படை விதியை மாற்ற, முடிவெடுக்கும் ஐந்து தரப்பில் குறைந்தது மூன்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கு மேல் எதிர்க்கக் கூடாது. சாதாரண விதி அப்படியல்ல. இயக்குநர் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் மாற்றிவிடலாம். பிடிக்காதவர்கள் 21 நாளுக்குள் மனுவைக் கிளப்பி, மூன்று தரப்பைத் திரட்ட வேண்டும். இரண்டு தரப்பு 'வேண்டாம்' என்றால் மனு படுத்துவிடும். யாரும் வாயைத் திறக்காவிட்டால் திருத்தம் தானாகவே நிறைவேறிவிடும்.

ஆக, விதி நல்லதா கெட்டதா என்பதைவிட அது எந்த வகையில் கிடக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. இன்று நமக்குச் சாதகமான விதி சாதாரண வகையில் இருந்தால், நாளை ஒரு பண்டிகை வாரத்தில் காணாமல் போகும்.

'கருத்துக் கேட்டார்களே' என்று நிம்மதி அடைய வேண்டாம். .ஆர்க் முகவரிக்கான கட்டணத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற வரம்பை நீக்கும் ஐகான் ஒப்பந்த வரைவுக்கு 3,000-க்கும் அதிகமான கருத்துகள் வந்தன. பெரும்பாலானவை எதிர்ப்பு. 2019 ஜூன் 30-ல் வரம்பு நீங்கிவிட்டது. வந்த கருத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏன் ஏற்கவில்லை என்று காரணம் எழுத வேண்டும் என்று விதியிலேயே இல்லாவிட்டால், கருத்துக் கேட்பது வெறும் சடங்கு.

உங்கள் கூட்டமைப்போ சங்கமோ அறக்கட்டளையோ, வரைவு கைக்கு வந்ததும் கடைசியிலிருந்து படியுங்கள். திருத்த யாருக்கு அதிகாரம், நாம் சும்மா இருந்தால் என்ன ஆகும், 'தற்காலிக' நிர்வாகக் குழுவுக்குக் கடைசித் தேதி உண்டா என்று பாருங்கள். தேதி இல்லாத தற்காலிகம் கிளம்பாது. ஆட்சேபணையைப் பிரிவு எண் போட்டு எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் புலம்புவது கணக்கில் வராது.