டெல்லிக்கு ரயில் ஏறாத சட்டப் பயிற்சி

ஒரு பெண்ணைப் பற்றி இணையக் குழுவில் ஆபாசமாக எழுதியவருக்கு 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்கீழ் நாட்டில் கிடைத்த தொடக்ககாலத் தண்டனைகளில் இது முக்கியமானது. ஆனால், திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் அன்று படித்த மாணவர் ஒருவர் அந்தத் தீர்ப்பைப் படிக்க ஆசைப்பட்டால் வழியில்லை. கல்லூரி நூலகத்துத் தீர்ப்புத் தொகுப்புகளில் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள்தான் இருக்கும். கணினித் தரவுத்தளங்களுக்கோ சந்தா கட்ட வேண்டும்.

பயிற்சி என்பதும் அன்று வேறு. உள்ளூர் சீனியரின் அலுவலகத்தில் கேஸ் கட்டைச் சுமப்பது, வாய்தா தேதியைக் குறிப்பது, தட்டச்சான மனுவில் பிழை பார்ப்பது. தொழிலின் அரிச்சுவடி இதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இணையச் சட்டத்தில் ஆர்வம் கொண்டவருக்கு அங்கே தீனி இல்லை. அதற்கான அமைப்புகள் வெளியூரில் முளைத்தன. பெங்களூரில் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் 2008இல் தொடங்கியது. டெல்லியில் 2016இல் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் வந்தது. அங்கே ஒரு மாதம் பயிற்சி பெறுவதென்றால் ரயில் கட்டணம், தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் மாணவர் கைக்காசு. யாரால் போக முடிந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சமூக ஊடகப் பதிவுகளுக்காகக் கைது செய்யப் பயன்பட்ட, அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எதிர்த்து 2012இல் உச்ச நீதிமன்றம் போனவர் ஷ்ரேயா சிங்கால். அப்போது 21 வயது; சட்டப் படிப்பில் சேரவிருந்தவர். 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவே ரத்தானது. அவருடைய துணிச்சலை யாரும் மறுக்க முடியாது. அவர் டெல்லிக்காரர், தாயார் வழக்கறிஞர் என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டிய செய்தி. அதே கோபம் கொண்ட தூத்துக்குடி மாணவிக்கு உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவில் இருந்தது.

இன்று அந்தத் தொலைவு சுருங்கிவிட்டது. 2008இல் வந்த இந்தியன் கானூன் தளம் தீர்ப்புகளை இலவசமாகத் தேட வழி செய்தது. முக்கியத் தீர்ப்புகள் சிலவற்றின் தமிழாக்கத்தை உச்ச நீதிமன்றமே வெளியிடுகிறது. திங்கள், வெள்ளிகளில் பயிற்சி மாணவர்களுக்கு உச்ச நீதிமன்ற அறைக்குள் அனுமதி இல்லாததை எதிர்த்து, ஜோத்பூர் சட்ட மாணவர் ஸ்வப்னில் திரிபாதி நேரலை கேட்டு மனு போட்டார். 2018இல் சாதகமான தீர்ப்பு கிடைத்தது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வுகளின் விசாரணை நேரலையாக வருகிறது. மாணவர் கேட்டது மாணவருக்கே முதலில் பயன்பட்டது.

மீதியைக் கொரோனா செய்து முடித்தது. 2020இல் நீதிமன்றங்களே காணொளிக்கு மாறியபோது இன்டர்ன்ஷிப்பும் வீட்டுக்கு வந்தது. இணையச் சட்டத்துக்கு இந்த ஏற்பாடு கனகச்சிதம். அதன் மூலப்பொருளே இணையத்தில்தான் கிடக்கிறது. இணைய முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது. எந்த மாநிலம் வெளியிடுகிறது என்று வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம். தகவல் உரிமை மனு போடலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவை மத்திய அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. வரைவை வரி வரியாகப் படித்துக் குறிப்பு எழுத டெல்லியில் அறை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இழப்பும் உண்டு. எந்த வாதம் எடுபடுகிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நீதிமன்றத்தில் நின்றுதான் கற்க வேண்டும். மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரம் பயிற்சி கட்டாயம் என்கிறது பார் கவுன்சில் விதி. அதில் ஒரு முறையாவது வழக்கறிஞர்களிடம் இருந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த நிபந்தனைக்கு இன்று மதிப்பு கூடியிருக்கிறது. வெறும் சான்றிதழுக்காக, மாணவரிடமே பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் 'ஆன்லைன் இன்டர்ன்ஷிப்'களும் முளைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிறவர் விண்ணப்பத்திலேயே கழிந்துபோகிறார். ரயில் கட்டணம் போட்டிருந்த தடையை இப்போது மொழியும் மடிக்கணினியும் போடுகின்றன.

எனவே தொலைவழிப் பயிற்சி நல்லதா, நேரடிப் பயிற்சி நல்லதா என்ற பட்டிமன்றம் வேண்டாம். மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு மாதம், திரை வழியே ஒரு மாதம், இரண்டும் தேவை. விண்ணப்பிக்கும் மாணவர் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்: நான் எழுதுவதை யார் திருத்தித் தருவார்? உதவித்தொகை உண்டா? இரண்டுக்கும் பதில் இல்லாத இடத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள்.