மேடை ஏறுமுன் ஒரு தாள்

செங்கோட்டையில் 1906-ல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா, பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்ட குரல் அவருடையது. 1933 டிசம்பரில் இறந்தபோது வயது 27. அவர் பாடிய இசைத்தட்டுகள் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒலிக்கின்றன. ஆனால் அந்தக் காலச் சட்டத்தில் தட்டு வெளியிட்டவருக்கு உரிமை இருந்தது, பாடியவருக்கு இல்லை. அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் ‘பக்த நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கேட்டு வாங்கியதை இன்றும் வியந்து பேசுகிறோம். தன் விலையைத் தானே சொல்லி, சொன்னபடி வாங்கிய கலைஞர் அவ்வளவு அபூர்வம்.

நிகழ்த்துகிறவருக்கும் உரிமை உண்டு என்பது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் முறையாக ஏறியதே 1994-ல்தான். அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு தேவ் ஆனந்த் வழக்கு சாட்சி. சம்பளம் முழுதாகக் கைக்கு வரும்வரை என் நடிப்பின் உரிமை என்னிடமே இருக்கும் என்று அவர் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார். பாக்கி வரவில்லை என்று படத்தைத் தடுக்கப் போனார். நடிப்புக்குச் சட்டத்தில் பதிப்புரிமை கிடையாது என்று 1970-களின் இறுதியில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தித் திரையின் உச்சத்தில் இருந்தவருக்கே அந்தக் கதி.

இன்று சட்டம் மாறியிருக்கிறது. ஆனால் தென்காசி, குற்றாலம், கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கலைஞர்களுக்கு அந்த மாற்றம் வந்து சேரவில்லை. காரணம், அவர்கள் கையில் தாள் இல்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்தத் தாளைப் பற்றித்தான்.

முதலில் கோவில் கொடை விழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகம். ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறொரு பக்கத்திலிருந்து. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சம்பளம் பேசப்படும். ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கொடுத்துத் தேதி வாங்குவார்கள், அல்லது ஏஜென்ட் பேசி முடிப்பார். பங்குனியில் தொடங்கி ஆடி, ஆவணிவரை வேலை. மழைக்காலத்தில் வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஐந்தாறு மாதத்தில் சம்பாதித்ததை வைத்துப் பன்னிரண்டு மாதம் ஓட்ட வேண்டிய தொழிலில், ஒரே ஓர் இரவின் சம்பளம் நின்றுபோனாலும் அடி பலமாக விழும்.

அது எப்படி நின்றுபோகிறது? ‘வசூல் குறைவு, அடுத்த கொடைக்குச் சேர்த்துத் தருகிறோம்’ என்பது ஒன்று. காவல்துறை அனுமதி வராமல் நாடகம் நிற்பது இன்னொன்று. ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்த்தலாம். விடிய விடிய நடக்கும் ‘வள்ளி திருமணம்’ நாடகத்துக்கு இது பெரிய இடி. பத்தரை மணிக்கு மைக்கை நிறுத்தச் சொன்னால், வேஷம் கட்டி உட்கார்ந்திருக்கும் நடிகருக்கு முழுச் சம்பளமா, பாதியா, வண்டிச் செலவு மட்டுமா? யாரும் முன்கூட்டிப் பேசியிருக்க மாட்டார்கள். அனுமதி வாங்குவது விழாக் குழுவின் பொறுப்பு. அது வராததால் வரும் நஷ்டம் நடிகர் தலையில் விழுவது நியாயமே இல்லை.

வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். ஆனால் பேசியதை நிரூபிக்க வேண்டும். முத்திரைத்தாள், வக்கீல் என்று மிரள வேண்டாம். அட்வான்ஸ் வாங்கிய அன்றே கைபேசியில் ஒரு செய்தி அனுப்பினால் போதும். இப்படி: ‘அண்ணாச்சி, வணக்கம். வருகிற ஆடி கடைசி வெள்ளி உங்கள் அம்மன் கோவில் கொடையில் வள்ளி திருமணத்தில் நாரதர் வேஷத்துக்குப் பேசிய சம்பளம் இவ்வளவு. இன்று அட்வான்ஸ் இவ்வளவு வாங்கிக்கொண்டேன். மீதி மேடை ஏறுமுன் தர வேண்டும். அனுமதி பிரச்சினையால் நாடகம் நின்றாலும் சம்பளத்தில் பாதியும் வண்டிச் செலவும் தருவதாகச் சொன்னீர்கள். சரிதானே?’ பதிலுக்கு ‘சரி’ என்று ஒரு சொல் வந்தால் அதுவே ஒப்பந்தம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டமும், உரிய சான்றிதழோடு தாக்கல் செய்தால் மின்னணுப் பதிவை ஆதாரமாக ஏற்கிறது. செய்தியை அழித்துவிடாதீர்கள். கைபேசியை மாற்றும்போது பழையதை விற்றுவிடவும் வேண்டாம். அட்வான்ஸை ஜிபேயில் வாங்கினால் இன்னும் நல்லது.

ரொக்கமாகவே வாங்கிப் பழகியவர்களுக்கு இது தொந்தரவாகத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாடகம் முடித்து விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு வேனில் திரும்பும்போது விபத்து நடக்கிறது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, இவர் மாதம் எவ்வளவு சம்பாதித்தார் என்பது. வங்கிக் கணக்கில் வரவு இல்லை, எழுத்தும் இல்லை என்றால், நீதிமன்றமாக ஒரு தொகையை உத்தேசம் செய்யும். அது பெரும்பாலும் உண்மையான வருமானத்துக்குக் கீழேதான் நிற்கும். இருபது வருடம் ராஜபார்ட் நடித்தவரின் குடும்பத்துக்கு அப்படி ஒரு குறைவு நேரக் கூடாது.

சின்னத்திரையின் கணக்கு வேறு. பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை போகும் பிள்ளைகளிடம் ‘ஒரு நாளைக்கு இவ்வளவு’ என்பார்கள். கேட்கப் பெரிதாக இருக்கும். மாதத்தில் எத்தனை நாள் கூப்பிடுவார்கள் என்பதில்தான் உண்மையான சம்பளம் இருக்கிறது. கதையின் டிராக் மாறினால் அந்தக் கதாபாத்திரம் வெளியூருக்குப் போய்விடும், நடிகர் வாடகை வீட்டில் காத்திருப்பார். உடுத்தும் புடவையும் போடும் நகையும் பல நேரம் சொந்தச் செலவு. மேனேஜர் கமிஷன் தனி. நடித்த நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையே மாதங்கள் ஓடும். ஆகவே கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை: மாதத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை நாள் உறுதி, எத்தனை மணி நேரம் ஒரு கால்ஷீட், எத்தனை நாளில் பணம், இந்தத் தொடர் முடியும்வரை வேறு சேனலில் நடிக்கத் தடை உண்டா? தடை உண்டு, நாள் உறுதி இல்லை என்றால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது ஆபத்து.

1981-ம் ஆண்டின் திரைத் தொழிலாளர் சட்டம் திரைப்படங்களுக்கு மட்டுமே எழுதப்பட்டது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு, தொலைக்காட்சித் தொடர், வெப் சீரிஸ், ரியாலிட்டி ஷோ எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. அரசு அறிவிக்கும் சம்பள வரம்புக்குள் வரும் நடிகர், நடனக் கலைஞர், டப்பிங் கலைஞர் ஆகியோரை எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக் கூடாது. அந்த ஒப்பந்தத்தைத் தயாரிப்பாளர் பதிவும் செய்ய வேண்டும். மேடை நடிகருக்கு இந்தத் தொகுப்பில் இப்படித் தனி ஏற்பாடு இல்லை என்பது எனக்குப் பெரும் குறையாகவே படுகிறது.

டைட்டில் கார்டு விஷயத்துக்கு வருவோம். இதைக் கௌரவப் பிரச்சினையாக மட்டும் நினைப்பவர்கள் அதிகம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தம், நடிப்பு வணிக ரீதியாகப் பயன்படுத்தப்படும்போது நிகழ்த்தியவருக்கு ராயல்டி பெறும் உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். ஆனால் அதே திருத்தத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. படத்தில் தற்செயலாக வந்துபோகும் வேடம், வழக்கமாகப் பெயர் போடாத வேடம் என்றால், அவர் பெரும்பாலான விஷயங்களில் ‘நிகழ்த்துபவர்’ என்றே கருதப்பட மாட்டார். குற்றாலத்திலும் ‘ரோஜா’ படமெடுத்த சுந்தரபாண்டியபுரத்திலும் படப்பிடிப்பு வரும்போதெல்லாம் உள்ளூர் ஆட்கள் கூட்டமாக நிற்பார்கள், ஒன்றிரண்டு பேர் வசனமும் பேசுவார்கள். வசனம் பேசியவர் தயங்காமல் கேட்க வேண்டும்: பெயர் போடுவீர்களா? அந்த ஒரு வரிக்குச் சட்ட மதிப்பு உண்டு.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியையும் விரல் வைத்துப் படியுங்கள். ‘இனி வரப்போகும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்று குரலையும் முகத்தையும் எழுதிக் கேட்பார்கள். செயற்கை நுண்ணறிவுக்கும் சேர்த்துத்தான் அது. 2024-ல் ‘லால் சலாம்’ பாடலுக்கு, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரலை ஏ.ஆர். ரஹ்மான் அந்தத் தொழில்நுட்பத்தில் உருவாக்கியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். எல்லோரும் அப்படிக் கேட்பார்கள் என்று நம்பிவிட முடியாது. அமெரிக்க நடிகர்கள் 2023-ல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததில் மறுஒளிபரப்பு ஊதியமும் இந்தச் செயற்கை முகமும் முக்கியக் கோரிக்கைகள். ‘என் எழுத்துப்பூர்வ அனுமதியும் தனி ஊதியமும் இல்லாமல் குரலையோ முகத்தையோ செயற்கையாக உருவாக்கக் கூடாது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

குழந்தைகளை நடிக்க வைக்கும் பெற்றோருக்கு: 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடவே கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்அனுமதி வாங்க வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கி வைப்புத்தொகையாகப் போக வேண்டும். கஷ்டத்தில் இருக்கும் வீட்டிலும் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது, அது பிள்ளையுடையது. விதிமீறல் கண்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ல் சொல்லலாம்.

பெண் கலைஞர்களுக்கு மேடை மட்டும் பணியிடம் இல்லை. வேலை நிமித்தம் போய்த் தங்கும் லாட்ஜும், வேலை கொடுத்தவர் ஏற்பாடு செய்த வேனும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பணியிடமே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள உள்ளூர் புகார்க் குழுவிடம் போகலாம். தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் சமூக நலத் துறையைக் கேட்டால் வழி சொல்வார்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024 ஆகஸ்டில் மலையாளத் திரைத்துறைப் பெண்களின் நிலை பற்றிய ஹேமா குழு அறிக்கை வெளியான பிறகு, தென்னிந்திய நடிகர் சங்கமும் நடிகை ரோகிணி தலைமையில் புகார்க் குழுவைச் செயல்பட வைத்தது. உடனடி உதவிக்கு 181.

இனி பதிவுகள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் 18 வயது முதல் 60 வரை பதியலாம். பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி, விபத்து, ஈமச்சடங்கு ஆகியவற்றுக்கு உதவி உண்டு. திருநெல்வேலியில் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் விசாரியுங்கள். நலிந்த கலைஞருக்கு மாதம் 3,000 ரூபாய் உதவி, இயல் இசை நாடக மன்றம் வழியாகக் கிடைக்கிறது. அறுபது கடந்த, வருமானம் குறைந்த கலைஞருக்கு ஒன்றியக் கலாச்சார அமைச்சகம் மாதம் 6,000 வரை தருகிறது. இவற்றுக்கெல்லாம் நீங்கள் கலைஞர் என்பதற்குச் சான்று கேட்பார்கள். பழைய நோட்டீஸ், சுவரொட்டி, பத்திரிகைச் செய்தி, குற்றாலம் சாரல் விழா மேடையில் எடுத்த படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 70 வயதுவரை சேரலாம். இரவுப் பயணமே தொழிலாக இருப்பவர் இதைச் செய்யாமல் இருப்பதைப் பார்த்து எனக்கு மனம் ஆறவில்லை.

சீரியல் கம்பெனி சம்பளத்தில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தால், வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்து, கட்ட வேண்டிய வரிபோக மீதியைத் திரும்ப வாங்குங்கள். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள்.

‘ஆடிஷன்’ மோசடி இந்தப் பக்கத்திலும் நடக்கிறது. பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ செலவு, ஆர்டிஸ்ட் கார்டு என்று பணம் கேட்டாலே விலகுங்கள். நடிக்க வைப்பவர்தான் பணம் தர வேண்டும். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. இது பாரதிய நியாய சன்ஹிதா 318-ம் பிரிவின்படி ஏமாற்றுக் குற்றம், காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

சம்பள பாக்கி நின்றால், முதலில் தேதி குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். நடிகர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் சங்கத்துக்கும் ஒரு நகல். கொடுத்த காசோலை திரும்பினால், வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டால் வழக்கே சிக்கலாகிவிடும். மற்றப் பாக்கிகளுக்கு உரிமையியல் வழக்கு மூன்று ஆண்டுக்குள். வழக்குக்கு முன்பே தென்காசி நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால், எதிர்த்தரப்பை அழைத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்து வைப்பார்கள். கட்டணம் இல்லை, அங்கே முடிவானால் மேல்முறையீடும் இல்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் பெறலாம், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி எண் 15100. போகும்போது அந்த வாட்ஸ்அப் செய்தியின் அச்சுப் பிரதியும், அட்வான்ஸ் வரவான வங்கிப் பக்கமும், உங்கள் பெயர் அச்சான நோட்டீஸும் கையில் இருக்கட்டும்.