வெள்ளி அடைப்பும் பல் மருத்துவமனை ஊழியர்களும்

சொத்தைப் பல்லில் வைக்கும் ‘வெள்ளி அடைப்பு’ முழுக்க வெள்ளி அல்ல. அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த பொடி. அமால்கம் எனப்படும் இந்தக் கலவை பல்லுக்குள் இறுகியபின் அதிலிருந்து கசியும் பாதரசம் மிகக் குறைவு. ஆனால் அதைக் கலப்பதும் அடைப்பதும் பழையதைக் குடைந்து எடுப்பதுமே அன்றாட வேலையாக இருப்பவர்களின் நிலை வேறு.

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் மணமும் கிடையாது. மூச்சில் போவதில் சுமார் 80 சதவீதம் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து, மூளையையும் சிறுநீரகத்தையும் சென்றடைகிறது. உடலில் சேர்ந்தது பாதியாகக் குறையவே ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். நாள்தோறும் சுவாசித்தால் கழிவதைவிடச் சேர்வது கூடிவிடலாம். கை நடுக்கம், மறதி, தூக்கமின்மை, சட்டென்று வரும் எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். வேலைப்பளுவால் வந்தவை என்று இவற்றைத் தள்ளிவிடுவதும் எளிது.

நார்வேயில் ஒருகாலத்தில் செம்பு அமால்கம் கட்டி வடிவில் பயன்பட்டது. அந்தக் கட்டியைச் சிறு கரண்டியில் வைத்து, பாதரசத் துளிகள் அரும்பும்வரை தீயில் காட்ட வேண்டும். பெரும்பாலும் உதவியாளர்களான பெண்களே இதைச் செய்தார்கள். அவர்களில் பலர் பின்னாளில் நரம்புக் கோளாறுகளுக்காக இழப்பீடு கோரினார்கள்.

இன்று, அளந்து அடைத்த கேப்ஸ்யூலை இயந்திரமே குலுக்கிக் கலந்துவிடுகிறது. கையால் பாதரசத்தைத் தொட வேண்டியதில்லை. ஆனாலும் பழைய அடைப்பை எடுக்கும்போது ட்ரில்லின் சூட்டில் ஆவியும் துகளும் பறக்கும். தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே, வேகமான உறிஞ்சுகுழாயைப் பல்லருகே பிடிப்பது இரண்டையும் வெகுவாகக் குறைக்கும். சாதாரண மாஸ்க் துகளை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அறைக்குள் வெளிக்காற்று வந்துபோவது அவசியம்.

மிஞ்சிய கலவையை இறுக மூடிய டப்பாவில் சேர்த்து வைக்க வேண்டும். அடைப்புள்ள பிடுங்கிய பல்லைக் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் போடக் கூடாது. சூட்டில் பாதரசம் ஆவியாகிவிடும். பாதரசம் சிந்தினால் துடைப்பத்தாலோ வாக்குவம் கிளீனராலோ கூட்டக் கூடாது. துளி சிதறி ஆவி பெருகும். துப்புரவு ஊழியருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். உடலில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைச் சிறுநீர்ப் பரிசோதனை காட்டிவிடும்.

பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து, மருத்துவக் கட்டாயம் இருந்தாலன்றி அமால்கம் அடைக்கக் கூடாது என்று தடுத்திருக்கிறது. புதிய அடைப்பு நின்றாலும், ஏற்கெனவே பல்லில் இருப்பவை பழுதாகி ஒவ்வொன்றாக நாற்காலிக்கு வந்துகொண்டுதான் இருக்கும். அவற்றை எடுக்கப்போகும் ஊழியர்களுக்கு, உறிஞ்சுகுழாயும் காற்றோட்டமும் இன்னும் பல ஆண்டுகளுக்குத் தேவைப்படும்.