சத்தம் போடாமல் சத்தத்தை அடக்க முடியுமா?



"பாதி நேரம் 'அமைதி, அமைதி' என்று சொல்வதிலேயே போய்விடுகிறது. வீட்டுக்குப் போனால் என் பிள்ளைகளிடம் பேசவே குரல் இருப்பதில்லை. நான் பாடம் நடத்துவதா, காவல் காப்பதா?" கல்வி பற்றிய தொலைக்காட்சிக் கலந்துரையாடல் ஒன்றில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் எழுப்பிய கேள்வி இது. அரங்கிலிருந்த மற்ற ஆசிரியர்களும் 'எங்கள் வகுப்பிலும் இதே கதைதான்' என்று தலையசைத்தார்கள். அன்று பேசப்பட்டவற்றை, வராத ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு 30 நிமிடப் பாட வேளையிலும், மாணவர்களை அமர வைத்துப் புத்தகம் எடுக்கச் செய்து அமைதிப்படுத்துவதற்கு 5 நிமிடம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறில் ஒரு பங்கு! தொடக்கப்பள்ளியில் நம் பிள்ளைகள் படிப்பது ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளில் முழுதாக ஓர் ஆண்டு இப்படியே கரைந்துவிடுகிறது. வீட்டில் பாடம் சொல்லித்தரவோ டியூஷனுக்கு அனுப்பவோ வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளை அந்த ஓர் ஆண்டை எங்கே போய்த் தேடும்?

கண்டிப்பில் இல்லை வேறுபாடு

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் வகுப்பறைகளில் கேமராவை வைத்துப் பதிவு செய்து ஆராய்ந்தார். 1970-இல் நூலாகவும் வெளியிட்டார். நன்றாக நடக்கும் வகுப்பின் ஆசிரியர், குறும்பு செய்த மாணவனை எப்படிக் கண்டிக்கிறார் என்று அறிவதே அவர் நோக்கம். கிடைத்த விடையோ வேறு. கண்டிக்கும் முறையில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. நல்ல வகுப்பில் குழப்பம் எழுவதற்கான இடைவெளியே குறைவாக இருந்தது. சில ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதும் வகுப்பில் நடப்பதை அறிந்திருந்தார்கள். 'டீச்சருக்கு முதுகிலும் கண் இருக்கு' என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதேதான்!

ஆகவே, கட்டொழுங்கு என்பது குறும்பு நடந்த பிறகு தொடங்கும் வேலையன்று. அதற்கு முன்பே ஆசிரியர் செய்து வைக்கும் ஏற்பாடு. அந்த ஏற்பாடுகள் சிலவற்றைப் பார்ப்போம்.

வாசலில் தொடங்குங்கள்

ஓய்வு வேளை முடிந்து மாணவர்கள் வரும்போது ஆசிரியர் எங்கே நிற்கிறார்? மேசையருகே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தால், சிற்றுண்டிச்சாலையின் இரைச்சல் அப்படியே வகுப்புக்குள் நுழைந்துவிடும். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்றுப் பாருங்கள். வெண்பலகையில் ஒரு சிறு வேலை ஏற்கெனவே எழுதியிருக்கட்டும். இரண்டு கணக்காக இருக்கலாம், நேற்றைய பாடத்திலிருந்து ஒரு கேள்வியாகவும் இருக்கலாம். உட்கார்ந்ததும் கைக்கு வேலை இருந்தால் வாய்க்கு வேலை குறையும்.

பாடம் மாறும் நேரம்

குழப்பம் அதிகம் எழுவது பாடத்தின் நடுவே அல்ல. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும்போதுதான். "மொழிப் புத்தகத்தை உள்ளே வையுங்கள், கணிதப் புத்தகத்தை எடுங்கள், 42-ஆம் பக்கம், யார் வீட்டுப்பாடம் கொண்டுவரவில்லை?" என்று ஒரே மூச்சில் சொன்னால், ஏழு வயதுப் பிள்ளைக்கு எது மனத்தில் நிற்கும்? முதலில் எல்லாருடைய கண்களும் உங்கள் மீது வரட்டும். பிறகு ஒரு கட்டளை. அது முடிந்ததும் அடுத்தது. வீட்டுப்பாட விசாரணையை, மாணவர்கள் எழுதும் வேளையில் அருகே சென்று வைத்துக்கொள்ளலாம். ஓடத் தொடங்கிய பாடத்தை நடுவில் நிறுத்தக் கூடாது.

விளையாட்டுப் போட்டி அணிவகுப்புக்கு நாம் வாரக்கணக்கில் பயிற்சி தருகிறோம். ஓசையின்றிப் புத்தகம் மாற்றவும், வரிசையில் நிற்கவும், நோட்டுப் புத்தகங்களைக் கைமாற்றி முன்னே அனுப்பவும் ஒரு நாளாவது பயிற்சி தந்திருக்கிறோமா? ஆண்டின் முதல் இரண்டு வாரங்களை இதற்குச் செலவிட்டால் மற்ற மாதங்கள் உங்களுக்குச் சொந்தம். விதிகள் மூன்று நான்கு போதும். 'பேசாதே, ஓடாதே' என்பதைவிட 'ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம்' என்று செய்ய வேண்டியதைச் சொல்லும் விதி மனத்தில் பதியும்.

மூன்று விநாடி பொறுங்கள்

தொலைக்காட்சி நேரலையில் இரண்டு விநாடி அமைதி நிலவினாலே எங்களுக்கு நெஞ்சு படபடக்கும். வகுப்பறையில் அந்தப் பயம் தேவையில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் கண்டறிந்தது இது: கேள்வி கேட்ட ஆசிரியர்கள், பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதையே மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத மாணவர்களும் பேசினார்கள். முதலில் கேள்வி, பிறகு சிறு அமைதி, அதன் பிறகே பெயர். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் 'நமக்கில்லை' என்று நிம்மதியாகிவிடுவார்கள்.

பின்வரிசைப் பிள்ளை

எந்த வகுப்பிலும் இரண்டு மூன்று பெயர்கள் நாள்தோறும் ஒலிக்கும். அந்தப் பெயர்களைக் கேட்டுக் கேட்டே மற்ற மாணவர்களும் 'இவன் இப்படித்தான்' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நாளடைவில் அந்தப் பிள்ளையும் அதை நம்பத் தொடங்குகிறான். இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். முன்வரிசைக்கு மாற்றிப் பாருங்கள். வெண்பலகை சரியாகத் தெரியாததால்தான் பக்கத்து மாணவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறானோ? பள்ளிப் பேருந்துக்காக விடியுமுன் எழுந்து, பசியாறாமல் வந்திருக்கிறானோ? கண்டிக்க வேண்டியிருந்தால் அருகில் சென்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். நண்பர்கள் முன்னிலையில் மானம் போன பிள்ளை, அதை மீட்க இன்னொரு குறும்பைத்தான் நாடும்.

'பிரம்பு இருந்த காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை' என்று பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. 1959-ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படி, மாணவிகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது. மாணவர்களையும் தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் அளித்த ஆசிரியரோதான் அடிக்கலாம். ஆக, வகுப்பாசிரியர் தம் விருப்பப்படி பிரம்பைக் கையிலெடுப்பதை அந்த விதிகளே ஏற்கவில்லை.

சிறிய பள்ளிகளில்

மாணவர் எண்ணிக்கை குறைந்த தமிழ்ப்பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் அமர்த்தும் நிலை உண்டு. ஒரு குழுவுக்குப் பாடம் நடக்கும்போது மற்றக் குழு என்ன செய்வது? அவர்களுக்கான வேலை தனி அட்டையில் தயாராக இருக்க வேண்டும். அதோடு, 'முடித்துவிட்டேன், சார்! அடுத்து என்ன?' என்ற கேள்விக்கும் பதில் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மூத்த மாணவன் இளையவனுக்கு வாசித்துக் காட்டுவதும் நல்ல பாடமே.

பெற்றோருக்கும் ஒரு சொல். வகுப்பாசிரியரின் அழைப்பு என்றாலே புகார் என்று ஆகிவிட்டது. ஆசிரியர்களே, ஒரு பிள்ளை நன்றாக நடந்துகொண்ட நாளிலும் அவன் வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். பின்னர் குறை சொல்ல நேர்ந்தாலும் பெற்றோர் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. திங்கட்கிழமை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: வாசலில் நிற்பதோ, மூன்று விநாடி பொறுப்பதோ, எது உங்களுக்கு எளிதோ அது. இரண்டு வாரம் விடாமல் செய்த பிறகு, பாடம் தொடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் மூன்றாகக் குறைந்திருந்தால், மிஞ்சிய அந்த இரண்டு நிமிடமும் உங்கள் மாணவர்களுக்குச் சேரும்.