சபையிற் புருஷர் ஊழியம்

ஞாயிறுதோறும் ஆலயத்தில் ஸ்திரீகளும் சிறுவரும் நிறைந்திருக்க, உழைப்பாளிகளாகிய புருஷர் புறத்தே நிற்குங் குறை ஒரு தேசத்துக்கு மாத்திரம் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் யந்திரத் தொழில் நகரங்களில் இது மிகுதியாய்க் காணப்பட்டது. அதனை நீக்க அங்குள்ளோர் செய்த முயற்சி நாம் ஆராயத்தக்கது.

பர்மிங்ஹாம் நகருக்கு அணித்தாயுள்ள வெஸ்ட் பிராம்விச், நிலக்கரியும் இரும்பும் மலிந்த பிரதேசத்தில் உள்ளதோர் ஊர். அங்கே ஜான் பிளாக்கம் என்பார் ஒரு சபையின் உதவிக்காரராயிருந்தார். வாலிபருக்கென நடந்த வேதவகுப்போ நாளுக்குநாள் நலிவுற்றது. 1875-ஆம் ஆண்டில் அமெரிக்க சுவிசேஷகராகிய மூடி பர்மிங்ஹாமில் நடாத்திய கூட்டங்களைக் கண்ட பிளாக்கம், குற்றம் புருஷரிடத்தன்று, தாம் கையாளும் முறையிலேயே உளது எனத் துணிந்து, ‘இனிய ஞாயிற்றுப் பிற்பகல்’ என்னும் சங்கத்தைத் தொடங்கினார். ‘சுருக்கம், மலர்ச்சி, சகோதரத்துவம்’ என்பதே அதன் குறிக்கோள் மொழி. நீண்ட பிரசங்கம் விலக்கப்பட்டது. சங்கீதமும் கீர்த்தனமும் சிறு உபந்நியாசமும் இடம்பெற்றன. அங்கத்தினர் வாரந்தோறும் சிறு காசு செலுத்த, அந்நிதியினின்று நற்புத்தகங்கள் வாங்கப்பட்டு, தவறாது வருவோர்க்கு வழங்கப்பட்டன.

இப்புத்தக நிதி அற்ப காரியம்போலக் காணப்படும். எமக்கோ, ஏற்பாடு முழுமைக்கும் இதுவே உயிர்நாடி எனத் தோன்றுகின்றது. தருமம் பெறுவோன் தலைகுனிந்து வருவான். பங்கு செலுத்துவோன் உரிமையோடு வருவான். பிற்பாடு பல ஊர்களில் இச்சங்கத்தாரிடையே சேமிப்பு நிதியும், நோயுற்றோர்க்கு உதவும் நிதியும் தோன்றின. காலப்போக்கில் இவை சகோதர சங்கங்கள் எனவும் பெயர் பெற்றன. 1934-ஆம் ஆண்டு சமாதானத்துக்குரிய நோபெல் பரிசு பெற்ற ஆர்தர் ஹெண்டர்சன் இவ்வியக்கத்தில் முன்னின்றவருள் ஒருவர்.

ஆயினும் அக்காலத்துப் போதகர் சிலர் முறையிட்டதும் உண்டு. பிற்பகலில் மண்டபத்தை நிரப்பும் புருஷர் காலை ஆராதனைக்கு வருகின்றிலரே என்றனர். அம்முறையீட்டை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. கேட்டு மகிழ்ந்து வீடு திரும்புதல் ஒன்று. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமத்தல் வேறொன்று. முதலாம் உலக யுத்தத்தின் பின் இச்சங்கங்கள் தளர்ந்தன.

நிற்க. பர்மிங்ஹாமிலே குவேக்கராகிய ஜோசப் ஸ்டர்ஜ் 1845-ஆம் ஆண்டில் செவர்ன் வீதியில் நிறுவிய பாடசாலை இவ்வகையில் ஆழமானது. வேதாகமத்தையே பாடநூலாகக் கொண்டு, வயதுவந்தோர்க்கு எழுத்தும் வாசிப்பும் ஞாயிறு அதிகாலையில் அங்குக் கற்பிக்கப்பட்டன. கொக்கோ வர்த்தகரான ஜார்ஜ் காட்பரி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அங்கே ஒரு வகுப்பை நடாத்தினார். பெருஞ் செல்வர் ஒருவர் விடியுமுன் எழுந்து வருவாராயின், தொழிலாளி வாராதிருப்பனோ? காட்பரி வகுப்போடு நில்லாது, மாணாக்கரின் இல்லங்களுக்கும் சென்றார். காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான வீடுகளை அங்கே கண்டார். இத்தகையோர்க்கு நல்வாழ்வைப் போதித்தல் மாத்திரம் போதாதென்று உணர்ந்தே, 1895-ஆம் ஆண்டு முதல் பூர்ன்வில்லில் தோட்டத்தோடு கூடிய வீடுகளைக் கட்டுவித்து, 1900-இல் அக்கிராமத்தைத் தர்ம பரிபாலன சபையிடம் ஒப்புவித்தார்.

ஆதலால் புருஷர்க்கென ஊழியந் தொடங்க எண்ணுவோர் மண்டபத்தையும் பேச்சாளரையும் முதலில் தேடவேண்டுவதில்லை. பத்துப்பேர் போதும். அவர்கள் எந்நேரத்தில் வேலைக்குச் செல்கின்றனர், எப்பொழுது ஓய்கின்றனர் என்பதை அவர்களையே வினவி, அதற்கேற்ப நாழிகை குறித்தல் வேண்டும். கணக்கும் புத்தகப் பெட்டியும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். ஒருவன் இரண்டு வாரம் வாராதிருப்பின், மூன்றாம் வாரத்துக்கு முன்னரே யாரேனும் ஒருவர் அவன் வீட்டு வாயிலில் நிற்றல் வேண்டும்.